கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி

பெட்டிக்காரரின் சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்தது. அட்டையில் இரண்டு ஓட்டைகள். மூன்றாவது விழுந்தால் அட்டை போய்விடும், பெட்டி போய்விடும், அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இது தெரிந்த நாளிலிருந்து அவருடைய கட்டைவிரல் மணிக்குப் பத்துத் தடவை பைக்குள் போய் ஓட்டைகளை எண்ணிவிட்டு வந்தது. இரண்டுதான். தானாக மூன்றாகிவிடுமா என்ன? ஆகாது. ஆனால் பயந்து போன விரலுக்கு நியாயம் சொன்னால் ஏறாது.

பிறக்கும்போது அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வயதில் வந்த காய்ச்சல், திரும்பிப் போகும்போது பார்வையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்கக் கற்றுக்கொண்டார். முதல் ஓட்டை விழுந்த அன்று மனைவியிடம் அதை வைத்தே ஒரு வேடிக்கை பேசினார்.

"நாப்பது வருஷமா கவர்மெண்ட்டு எனக்குப் படிக்கத் தெரிஞ்ச மாதிரி ஒரு வரி எழுதினதில்ல. இப்பதான் முதல் புள்ளி வச்சிருக்கு."

இரண்டாவது ஓட்டை விழுந்த அன்று அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெட்டி என்றால் அக்கார்டியன். மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, துருத்தியை இழுத்து இழுத்து அமுக்கி வாசிக்கிற பெட்டி. பள்ளியில் ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டது. பள்ளி முடிந்ததும் பிரஷ் தயாரிக்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் மரக்கட்டையில் இருக்கிற துளைகளில் நாரைச் செருகிக்கொண்டே இருந்தார். பிறகு பிளாஸ்டிக் பிரஷ் வந்தது, கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற சுரங்கப்பாதைக்கு வந்தவர்தான், அதற்குள் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

மனைவி கிடைத்ததும் அங்கேதான். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவாள். ஒரு நாள் நின்றாள். நின்றவள் நல்ல வார்த்தை ஏதாவது சொன்னாளா? அதுதான் இல்லை.

"அந்த மூணாவது பாட்டுல எங்கயோ உதைக்குதே?" என்றாள்.

பெட்டியில் ஒரு கட்டை ஒரு மாதமாக ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் கல்யாணம். "குத்தம் சொன்னவளைக் கட்டிக்கிட்டா குத்தம் கொறையும்னு நெனச்சேன்" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். குறையவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அவரிடம் ஒரு வீண் பெருமை இருந்தது. சுரங்கப்பாதைக்குள் அவர் அடி எண்ண மாட்டார். படியிலிருந்து இத்தனை அடி, தூணிலிருந்து இத்தனை அடி என்று எண்ணி உட்காருவதெல்லாம் காது மந்தமானவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. நடந்து வருவார், சுமாரான இடத்தில் நிற்பார், பெட்டியில் ஒரே ஒரு சுரத்தை நீளமாக இழுப்பார். எதிர்ச் சுவர் அதைத் திருப்பித் தரும். அரை அடி இப்படி, ஓர் அடி அப்படி நகர்ந்து மறுபடியும் இழுப்பார். ஓர் இடத்தில் அந்தச் சுரம் முழுசாக, உருண்டு திரண்டு, கூடவே இன்னொருவர் வாசிப்பதுபோல் திரும்பி வரும். அங்கே மடக்கு நாற்காலியைப் போட்டுவிடுவார். எதிரே ஒரு கடை பல வருடமாகப் பூட்டிக் கிடந்ததும், அதன் இரும்பு ஷட்டர்தான் இவ்வளவு வேலையும் செய்தது என்பதும் அவருக்குத் தெரியாது. சுவருக்குத் தன் மேல் தனிப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில் மாநகராட்சிக்கு ஊரை அழகாக்கும் ஆசை வந்தது. அந்த ஆசை வந்துவிட்டால் முதலில் கண்ணில் உறுத்துவது குப்பையோ குழியோ இல்லை, நம்மைப் போன்றவர்கள்தான். தெருவில் வாசிக்கிறவர்களுக்கு விதிகள் வந்தன. ஒரு குழுவின் முன்னால் வாசித்துக் காட்டி அட்டை வாங்க வேண்டும். தரையில் மஞ்சள் பெயிண்ட்டில் கட்டம் போட்டிருக்கும், அதற்குள்ளேதான் உட்கார வேண்டும். சுவர் காட்டிய இடம் நல்லவேளையாகப் பெட்டிக்காரருடைய கட்டத்துக்குள்ளேயே விழுந்தது. செவ்வாய் முதல் சனி வரை, தினம் மூன்று மணி நேரம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பதினோராவது விதி என்று ஒன்று இருந்தது. உடற்குறையைக் காட்டியோ, சொல்லியோ, குறிப்பால் உணர்த்தியோ பொதுமக்களின் இரக்கத்தைத் தேடலாகாது. தேடினால் அவர் இசைக்கலைஞர் அல்ல, பிச்சைக்காரர். பிச்சைக்காரருக்கு இடம் ஊருக்கு வெளியே இருக்கிற இல்லம். குறைந்தது இரண்டு வருடம். மனைவி மாதம் ஒரு முறை வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகலாம்.

வெள்ளைக் கோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். யாராவது கேட்டால் கண் தெரியாது என்று சொல்லக்கூடாது. குருடராக இருக்கலாம், குருடர் என்று தெரியக்கூடாது. இந்த விதியை எழுதின மகானுபாவர் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.

சுரங்கப்பாதையின் மறுமுனையில் டமாரம் இருந்தார். டிரம் வாசிக்கிறவர், அதனால் டமாரம். ஒரு கால் முழங்காலோடு சரி. புழுக்கம் தாங்காமல் கால்சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்ததற்கு ஓர் ஓட்டை, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்ததற்கு ஓர் ஓட்டை, மூன்றாவது எதற்கென்று இன்றுவரை தெரியாது. அவரை இந்த முனையின் படி வழியாக மேலே இழுத்துப் போய் ஏற்றிய அன்று பெட்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். வேனின் கதவு சர்ரென்று இழுபடுகிற சத்தம். "மடிச்சது வெயிலுக்குத்தான் சார், வெயிலுக்குத்தான் சார்" என்ற குரல். ஊன்றுகோலை உள்ளே வீசுகிற சத்தம். பிறகு டிரம் தானாகப் படியில் உருண்டு வந்தது. ஒவ்வொரு படியாக, தொம், தொம், தொம் என்று கீழே வரைக்கும் வந்து அவர் காலடியில் படுத்தது. வழியில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் அவரிடம் குடி வந்தது. சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த வண்டியின் கதவு இழுபட்டாலும் கை பெட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டது. பயத்திலேயே தப்பும் வந்தது. போகிற ஓர் அம்மா "கண்ணு தெரியாதாப்பா?" என்று கேட்டார், இவர் பழக்கதோஷத்தில் "ஆமாம்மா" என்றுவிட்டார். கேட்டுக்கொண்டே நின்றவர் ஓட்டை ஆபீசர். அட்டையில் ஓட்டை போடும் அதிகாரிக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. முதல் ஓட்டை. அடுத்த மாதம், மடக்கிய கோல் பையிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது.

அதன் பிறகு ஓட்டை ஆபீசரின் பூட்ஸ் சத்தத்தை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். இடது குதிகாலில் ஆணி தேய்ந்த சத்தம். அது படியில் கேட்ட மாத்திரத்தில் முதுகை நிமிர்த்தி, பையைத் தடவி, முகத்தை எதிரே நேராக வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்போல வைத்துக்கொள்வார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு சுரங்கப்பாதைக்கு வந்தார். நின்றார். சுரத்தை இழுத்தார். சுவர் அதைச் சரியாகத் திருப்பித் தரவில்லை. சளி பிடித்த குரல்போல மொண்ணையாக வந்தது. தப்பான இடத்தில் நிற்கிறோம் போலிருக்கிறது என்று வலப்பக்கம் நகர்ந்தார். கொஞ்சம் தேவலை. இன்னும் நகர்ந்தார். வந்தது, பழைய பிரியத்தோடு வந்தது.

பக்கத்தில் சாவிக்காரரின் கடை. சாவி ராவுகிற இயந்திரம் ஓடாத நேரமெல்லாம் அவர் வாய் ஓடும். காலையில் "வாங்கண்ணே"வில் ஆரம்பித்தால் மத்தியானம்வரை நிற்காது. அன்று அவர் "அண்ணே..." என்று ஆரம்பித்தார். உடனே நிறுத்திவிட்டார்.

"என்னப்பா?"

பதில் இல்லை. இயந்திரமும் ஓடவில்லை. பேசுகிறவன் பேசாமல் இருந்தால் அங்கே மூன்றாவது ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பெட்டிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பூட்ஸ் சத்தம் இல்லை. சரி, ஒன்றுமில்லை என்று நாற்காலியை விரித்து உட்கார்ந்து, முதல் பாட்டை எடுத்துப் பாதி வாசித்திருப்பார். காலுக்குப் பக்கத்தில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். பிரஷ் கம்பெனியில் கேட்டுப் பழகிய சத்தம்தான். இரும்பு டேப்பை இழுத்து அளக்கிற சத்தம்.

"ஒன்றரை அடி" என்றார் ஓட்டை ஆபீசர். அன்று அவர் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா?"

"கோட்டுக்கு வெளிய ஒன்றரை அடி உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க. அட்டையைக் குடுங்க."

மூடிக் கிடந்த கடையை யாரோ வாங்கி, திங்கட்கிழமை ஷட்டரைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள். அதைச் சாவிக்காரர் பிறகு சொன்னார். அவரும் அட்டை வைத்துக் கடை நடத்துகிறவர்தான், ஆபீசர் தூணோரம் நின்று உதட்டில் விரல் வைத்துக் காட்டியபோது அவர் என்ன செய்வார்? "மன்னிச்சிடுங்கண்ணே" என்று பெட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறைதான்.

டமாரம் விஷயத்துக்குப் பிறகு, மூன்றாவது ஓட்டையைத் தெருவில் வைத்துப் போடக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. மறுநாள் பத்து மணிக்கு மண்டல அலுவலகத்தில் விசாரணை. அதுவரை அட்டை ஆபீசரிடம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கட்டைவிரல் வெறும் பைக்குள் போய்ப் போய்த் தேடியது.

மனைவி முதலில் கத்தித் தீர்த்தாள்.

"படியிலேருந்து இருபத்திரண்டு அடி. எத்தனை தடவை சொன்னேன்? எண்ணினா கிரீடம் எறங்கிடுமா உங்களுக்கு?"

அவளுக்குக் கோபம் அவ்வளவு நேரம்தான் நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி விடுங்க. நாளைக்குப் போயி, கண்ணு தெரியாது, கோடு எங்கன்னு எப்படித் தெரியும்னு சொல்லிடலாம்."

"சொன்னா பதினொன்னு."

"என்ன பதினொன்னு?"

"கொறையைச் சொல்லி இரக்கம் தேடுறது. அங்கயே வேன்ல ஏத்துவாங்க. தெரிஞ்சேதான் வெளிய உக்காந்தேன்னு சொன்னா அட்டை ரத்து, பெட்டி பறிமுதல். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்." அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "நீ மட்டும் அங்க வாயத் தொறந்து கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

அவள் அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகு இஸ்திரி போட வேண்டும் என்று எழுந்து போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் மேல் போய் வந்தது. இன்னொரு சட்டை. பிறகு ஒரு ஜிப்பை மெல்ல, மிக மெல்ல, பல்லுப் பல்லாக இழுத்து மூடுகிற சத்தம். நாளைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை போதும். பைக்குள் போன மற்றது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சமையலில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு வாழ்க்கையில் அப்படிப் பயந்ததாக ஞாபகமே இல்லை. காய்ச்சல் விட்டுக் கண் திறந்தும் விடியாமல் போன அந்தக் காலையில்கூட அம்மா பக்கத்தில் இருந்தாள்.

மண்டல அலுவலகத்தில் மரப் பெஞ்சு, தலைக்கு மேல் கடகடவென்று ஆடுகிற மின்விசிறி, வாசலில் நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்கிற ஒரு வண்டி. அதன் கதவு திறந்தே இருக்கிறது என்பதை உறுமல் வெளியே வருகிற விதத்திலிருந்து அவர் கண்டுகொண்டார்.

அதிகாரி ஒரு பெண். களைத்த குரல். மேசைக்கு இடப்பக்கம் ஓட்டை ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் திரும்பி வந்துவிட்டது.

"எதுக்குக் கோட்டுக்கு வெளிய உக்காந்தீங்க?"

"சத்தம் தேடிப் போயிட்டேங்க, அம்மா."

"அப்படின்னா?"

"அந்த எடத்துலதான் பெட்டி நல்லா கேக்குது."

"அப்ப தெரிஞ்சேதான் வெளிய போயிருக்கீங்க."

ஆமாம் என்றால் பெட்டி போச்சு. இல்லை என்றால் ஏன் தெரியவில்லை என்பார்கள். வாசலில் வண்டி ஒரு தரம் கூடுதலாக உறுமியது. பக்கத்தில் மனைவியின் மூச்சு வேகமாவதைக் கேட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார்.

அதிகாரி காகிதம் புரட்டினார். "கோடு எங்க இருக்குன்னு தெரியாதுன்னும் நீங்க சொல்ல முடியாது. அட்டை வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. 'எல்லைக் கோட்டை நேரில் பார்த்துக்கொண்டேன்.' இது உங்க கையெழுத்துதானே?"

பெட்டிக்காரருக்கு ஞாபகம் வந்தது. ஓட்டை ஆபீசர்தான் அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்து, இங்கே ஒன்று போடுங்கள் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, வழக்கமான பேப்பர்தான் என்றார்.

"என்னோடதுதாங்க" என்றார். முடிந்தது என்று நினைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் மனைவி. அவர் அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார். அவள் கையை உதறவில்லை, நிறுத்தவும் இல்லை. "அவர் கையெழுத்துக்குக் கீழ இன்னொரு கையெழுத்து இருக்குதே. அது யாரோடதுங்க?"

மின்விசிறி கடகடத்தது. அதிகாரி படித்தார். முதலில் தனக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார்.

"மேற்படி நபர் எல்லைக் கோட்டைக் கண்ணால் கண்டு உறுதி செய்ததை நான் அருகிலிருந்து கண்டேன்."

அதிகாரி பெட்டிக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் நாற்காலி இடப்பக்கம் திரும்புகிற கிரீச் கேட்டது.

"சார், இது நீங்க போட்ட கையெழுத்தா?"

"அது மேடம்... எல்லாருக்கும் அப்படித்தான்... வழக்கமா..."

ஓட்டை ஆபீசரின் மூச்சு மேலே ஏறி நின்றது. மூக்கால் இழுத்து, பாதியில் தொண்டையில் மாட்டி, விட வழி தெரியாமல் நிற்கிற மூச்சு. அது என்ன மூச்சு என்று பெட்டிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வருடமாக அவரே விட்டுக்கொண்டிருக்கிற மூச்சு. அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அது நெஞ்சில் தங்கவில்லை.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். எல்லைக் கோட்டின் பெயிண்ட் தேய்ந்து தெளிவில்லாமல் இருந்தபடியால் மூன்றாவது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கோட்டைப் புதிதாகத் தீட்ட உத்தரவு. மேற்படி நபருக்கு எச்சரிக்கை. கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதினால் எத்தனை கோப்புகளில் எத்தனை பேர் எதையெல்லாம் கண்ணால் கண்டார்கள் என்று தோண்ட வேண்டியிருக்கும்.

"இனிமே உள்ள உக்காருங்க" என்று அட்டையை அவர் கையில் வைத்தார். கட்டைவிரல் ஓடிப் போய்த் தடவியது. இரண்டு.

மறுநாள் படியிலிருந்து இருபத்திரண்டு அடி எண்ணினார். ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணினார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாவிக்காரர், "சரியா நடுவுலண்ணே, நாலு பக்கமும் கோடு" என்று ரகசியக் குரலில் சொன்னார். புதுப் பெயிண்ட்டின் வாசனை அடித்தது.

பழக்கத்தில் கை நீளமான சுரத்தை இழுத்துவிட்டது. ஒட்டுப்பலகை அதைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது. ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்தால் அது முழுசாகத் திரும்பி வரும், அவருக்குத் தெரியும். அவர் நகரவில்லை. ரப்பர் செருப்பு எங்கே நிற்கிறது என்று காதுக்குத் தெரியாதபோது எந்த மௌனத்தையும் நம்ப முடியாது. சுரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போனார். மெதுவாக, மூன்றாம் பேருக்குக் கேட்காதபடி வாசித்தார். மூன்று மணி நேரமும் அப்படியே வாசித்தார். ஒருவரும் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது கதவுக்குப் பின்னால் ஏதோ காலில் இடறியது. குனிந்து தடவினார். ஜிப் போட்ட பை. அவள் அதை இன்னும் பிரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் அவள்.

"கோட்டுக்குள்ளதான் இருந்தேன்."

"நான் உங்களைக் கேக்கல, வாசிப்பு எப்படின்னு கேட்டேன்."

அவர் பெட்டியை மார்பிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அதுவும் உள்ளயேதான் இருந்துச்சு" என்றார்.